பாறையேறுவோர் பாதமும் பாதரட்சையும்

மனித உடம்பில் ஓயாது உழைக்கும் உறுப்பு எது என்று வகுப்பில் கேட்டால், பலர் இதயம் என்பர். சிலர் மூளை என்பர். பாதம் என்று விடை சொன்ன மாணவனை என் ஆசிரியப் பணிக்காலத்தில் நான் கண்டதில்லை. உடம்பின் அடியில் இருப்பதாலோ என்னவோ, நம் கவனத்திலும் அஃது அடியிலேயே கிடக்கிறது. வலித்தால்தான் அதனை நினைக்கிறோம். வலித்த பிறகும் அதனைப் பொருட்படுத்தாமல் இருப்பதையே ஒரு பெருமையாகக் கருதுவோரும் உளர். அவர்களுள் பாறையேறும் விளையாட்டினரைப் பற்றியும், அவர்கள் அணியும் காலணியைப் பற்றியும், அக்காலணி அவர்கள் பாதத்துக்குச் செய்யும் நன்மை தீமைகளைப் பற்றியும் இன்று சில சொல்ல விரும்புகிறேன்.

பாறையேறுதல் என்பது படியேறி மலைக்கோயிலுக்குச் செல்வது போன்றதன்று. செங்குத்தான பாறை முகத்தில் விரல் நுனி பற்ற ஒரு விளிம்பும், கால் நுனி ஊன்ற ஒரு பிதுக்கமும் கிடைத்தால் அதுவே வழி. இடுப்பிலே கட்டிய கயிறு, தவறி விழுந்தால் தாங்குவதற்கேயன்றி மேலே தூக்கிவிடுவதற்கு அன்று. ஐரோப்பாவிலே பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஒரு விளையாட்டாக உருப்பெற்ற இக்கலை, 2021-ல் நடைபெற்ற டோக்கியோ ஒலிம்பிக் பந்தயங்களில் முதன்முதலாக இடம்பெற்றது. 2024-ல் பாரிஸிலும் இடம்பெற்றது. நம் நாட்டு நகரங்களிலும் செயற்கைச் சுவர்களை அமைத்து இளைஞர் பலர் இதனைப் பழகி வருகின்றனர்.

அவ்விளைஞருள் என் பேரனும் ஒருவன். பெங்களூரில் படிக்கிறான். இரண்டு ஆண்டுகளுக்கு முன் கோடை விடுமுறைக்கு என்னிடம் வந்திருந்தபோது அவனுக்கு வயது 14. வார நாள்களில் சுவரேறிப் பழகுவதும், ஞாயிற்றுக்கிழமைகளில் மூத்த மாணவர்களோடு இராமநகரத்துக் கருங்கற் குன்றுகளுக்குச் செல்வதும் அவன் வழக்கம். ஒரு நாள் காலையில் குளித்துவிட்டுத் திண்ணையில் வந்து அமர்ந்தான். அவன் வலக்காற் பெருவிரல் நகம் நாவற்பழம்போல் கறுத்திருந்தது.

"என்னப்பா இது?" என்று கேட்டேன்.

"ஒன்றுமில்லை தாத்தா. பாறை ஏறும் ஷூ இறுக்கமாகத்தான் இருக்கும். எல்லாருக்கும் இப்படித்தான். வலியைப் பொறுத்துக்கொண்டால்தான் பெரிய பாறை ஏற முடியும்" என்றான்.

என்னுள் இருக்கும் பழைய தலைமையாசிரியருக்கு இவ்விடை மிகவும் பிடித்துவிட்டது. "பொறுத்தார் பூமி ஆள்வார்" என்று சொல்லி அவன் முதுகைத் தட்டிக்கொடுத்தேன். அவ்வாறு தட்டிக்கொடுத்தது தவறு என்று எனக்கு விளங்குவதற்கு ஒரு நாள் ஆயிற்று.

மறுநாள் அக்காலணியை எடுத்துக் காட்டச் சொன்னேன். அஃது ஒரு விந்தையான பொருளாகவே இருந்தது. அடிப்புறம் மட்டுமன்றி, முனையும் ஓரங்களும் குதியும் ரப்பரால் மூடப்பட்டிருந்தன. முனை, கிளியின் மூக்குபோல் கீழ்நோக்கி வளைந்திருந்தது. ஒரு வெள்ளைத்தாளைத் தரையில் விரித்து, அதன்மேல் அவனை நிற்கச் செய்து, பாதத்தைச் சுற்றிப் பென்சிலால் கோடு வரைந்தேன். பிறகு காலணியை அக்கோட்டின்மேல் வைத்தேன். குதியை ஒட்டிச் சரியாக வைத்தபோது, முன்புறத்தில் விரல்களின் கோடு ஒரு விரற்கடை அளவு வெளியே தெரிந்தது. பெட்டிக்குள் வைக்கவேண்டிய பொருள் பெட்டியைவிடப் பெரிதாக இருந்தது!

"இந்த அளவு வாங்கச் சொன்னவர் யார்?" என்றேன்.

"கூட ஏறும் அண்ணன்மார் சொன்னார்கள். வழக்கமாகப் போடுவதில் இரண்டு அளவு குறைத்து வாங்க வேண்டுமாம். வாங்கி எட்டு மாதம் ஆகிறது, தாத்தா."

இந்த எட்டு மாதத்தில், பள்ளிக்கு அணியும் பூட்ஸை ஓர் அளவு பெரிதாக மாற்றியிருந்தார்கள். ஏறும் காலணி மட்டும் மாறவில்லை. ஆகவே இரண்டு அளவுக் குறைவு, ஒருவரும் அறியாமலே மூன்று அளவுக் குறைவாகிவிட்டது. நம் கடைகளில் வழங்கும் ஆங்கில முறையில் ஓர் அளவு என்பது ஓர் அங்குலத்தில் மூன்றில் ஒரு பங்கு. முற்காலத்தில் மூன்று வாற்கோதுமை மணிகளை நீளவாட்டில் வரிசையாக வைத்தால் ஓர் அங்குலம் என்று கணக்கிட்ட வழக்கத்திலிருந்து வந்த அளவு அது. மூன்று அளவு என்றால் முழுதாக ஓர் அங்குலம். சாதாரணக் காலணியில் விரல்களுக்கு முன்னே சிறிது வெற்றிடம் விட்டிருப்பர். அதனைக் கழித்தாலும், எஞ்சிய குறைவை விரல்கள் மடங்கித்தான் ஈடுசெய்ய வேண்டும்.

அன்றுமுதல் இப்பொருளைப் பற்றிக் கிடைத்த நூல்களையும் மருத்துவக் கட்டுரைகளையும் படிக்கலானேன். படித்ததன் சாரத்தை இனிச் சொல்கிறேன்.

முதலில், இக்காலணி இந்த வடிவத்துக்கு வந்த வரலாறு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆல்ப்ஸ் மலை ஏறியவர்கள் கனத்த தோல் பூட்ஸ்களின் அடியில் இரும்பு ஆணிகளை அடித்து அணிந்தனர். பனியிலும் சேற்றிலும் அவை நன்கு பற்றும். வழவழப்பான பாறையிலோ ஆணி சறுக்கும். ஆகையால் பாறைப் பகுதிகளில் கம்பளி ஒட்டோ சணலோ அடியாக வைத்த இலேசான காலணிக்கு மாறிக்கொள்வது ஐரோப்பிய வழக்கமாயிற்று. இங்கிலாந்தில் 1950-களிலும் மலிவான கான்வாஸ் காலணிகளோடு கடினமான பாறைகளை ஏறியவர் உண்டு.

இலேசான காலணியால் நேர்ந்த ஒரு துயரமும் உண்டு. 1935-ல் இத்தாலிக்கும் சுவிட்சர்லாந்துக்கும் எல்லையான மலைகளில், புந்தா ராசிக்கா என்னும் சிகரத்துக்குச் சென்ற ஒரு குழுவினர் கடும் பனிக்காற்றில் சிக்கினர். பாறைக்கென அணிந்திருந்த மெல்லிய காலணி, பனி படிந்த பாறையில் அவர்களுக்கு உதவவில்லை. ஆறு பேர் மாண்டனர். அக்குழுவோடு தொடர்புடைய விட்டாலே பிரமானி என்னும் மிலான் நகரத்தார், பாறையிலும் பனியிலும் ஒருங்கே பற்றக்கூடிய ஆழ்ந்த வெட்டுகள் உள்ள ரப்பர் அடியைப் பின்னர் உருவாக்கினார். அவர் பெயரையும் குடும்பப் பெயரையும் சுருக்கி வைத்த 'விப்ரம்' என்ற பெயரை இன்றும் மலையேறும் பூட்ஸ்களின் அடியில் காணலாம்.

அதே 1930-களில், பாரிஸ் நகருக்குத் தெற்கேயுள்ள ஃபோந்தேன்புளோ காட்டில் மணற்பாறைக் குண்டுகளில் ஏறிப் பழகிய பியேர் அலேன் என்பவர் வேறொரு வழியைக் கண்டார். வெட்டுகளே இல்லாத வழவழப்பான ரப்பர் அடியும், காலைச் சுற்றி நெருக்கமாகப் பிடிக்கும் மேற்பாகமும் உள்ள காலணியை அவர் அமைத்தார். அவர் பெயரின் முதலெழுத்துகளைக் கொண்டு அதனைப் 'பி.ஏ.' என்றே அழைத்தனர். பல்கலைக்கழகம் தராத இந்தப் பி.ஏ.யே இன்றைய பாறையேறும் காலணிகளுக்கெல்லாம் மூதாதை. பின்னர் 1980-களின் தொடக்கத்தில், ஸ்பெயின் நாட்டு போரியால் நிறுவனம் மிகவும் பற்றுந்தன்மை வாய்ந்த ரப்பரைக் கொண்டு 'ஃபிரே' என்ற காலணியைச் செய்தது. அதன்பின் காலணி செய்வோர் அனைவரும் அவ்வழியே சென்றனர். காலணி நாளுக்கு நாள் மெலிந்தது, இறுகியது, வளைந்தது.

இவ்வரலாற்றில் நாம் கவனிக்க வேண்டிய மாறுதல் ஒன்று உண்டு. தொடக்கத்தில் காலணி பாதத்தைக் காக்கும் கவசமாக இருந்தது. இன்றோ அது பாதத்தை ஒரு கருவியாக மாற்றும் உறையாக இருக்கிறது. கவசத்தை நாள் முழுதும் அணியலாம். கருவியைத் தேவைப்படும்போது மட்டுமே எடுக்க வேண்டும். நம் இளைஞர் பலர் இந்த வேறுபாட்டை உணராததே தொல்லைக்கு மூலம்.

அப்படியாயின், இறுக்கமான காலணி வீண் மூடப்பழக்கமா? அன்று. அதற்கு விஞ்ஞான நியாயம் இருக்கிறது. அதனை நீங்களே ஒரு சோதனையால் அறியலாம். ஆட்காட்டி விரலை நேராக நீட்டி, அதன் நுனியால் மேசையை மெல்ல அழுத்துங்கள். விரலின் கடைசிக் கணு பின்னோக்கி வளைந்துகொடுக்கும். இப்போது விரலைச் சற்று மடக்கிக்கொண்டு அழுத்துங்கள். வளைவு மாடத்தின் கற்கள்போல் எலும்புகள் ஒன்றையொன்று தாங்கி நிற்கும். கூடுதல் வலிவோடு அழுத்தலாம். காலிலும் இதுவே நிகழ்கிறது. அரை அங்குலப் பிதுக்கத்தின்மேல் உடம்பின் முழுப் பாரத்தையும் ஏற்றி நிற்க வேண்டுமானால், பெருவிரல் சற்று மடங்கி இருப்பது நல்லது. குதியைச் சுற்றி இழுத்துப் பொருத்திய ரப்பர்ப் பட்டை, கவணின் வார் கல்லை முன்னே தள்ளுவதுபோல் விரல்களை முன்னே தள்ளி, இந்த மடக்கத்தை நிலைநிறுத்துகிறது. காலணிக்குள் பாதம் வழுக்கினால் பிதுக்கத்தின்மேல் உறுதியாக நிற்க இயலாது. ஆகவே உள்ளே வெற்றிடம் இருத்தலும் ஆகாது. நம் பக்கமாகச் சாய்ந்து கவிந்த சுவர்களிலோ கால் தாங்கினால் மட்டும் போதாது. கொக்கிபோல் பற்றி இழுக்கவும் வேண்டும். முனை கீழே வளைந்திருப்பது அதற்காகவே.

எனவே, பாதத்தை நன்கு தழுவிய காலணி வேண்டும் என்பது உண்மை. ஆனால் ஓர் உண்மையைப் பிடித்துக்கொண்டு அளவு கடந்து போவது மனித இயல்பு. மருந்து ஒரு சிட்டிகை நல்லது என்றால் ஒரு கைப்பிடி இன்னும் நல்லது என்று எண்ணுவோர் உண்டல்லவா? பிரிட்டனில் ஓராண்டுக்கு மேற்பட்ட அனுபவமுள்ள பாறையேறுவோர் 56 பேருடைய பாதத்தையும் காலணியையும் அளந்து, அதன் முடிவுகளை 2015-ல் ஆராய்ச்சியாளர் வெளியிட்டனர். 56 பேரில் 55 பேர் பாதத்துக்குப் பொருந்தாத, மிகையான இறுக்கமுள்ள காலணியே அணிந்திருந்தனர். நூற்றுக்கு 91 பேர் ஏறும்போது கால் வலிப்பதாகக் கூறினர். தெருவில் அணியும் காலணியைவிட ஏறும் காலணி சராசரியாக ஏறக்குறைய நான்கு அளவு சிறிதாக இருந்தது. நான்கு அளவு என்றால், நம் கணக்கின்படி, ஓர் அங்குலத்துக்கும் மேல்.

அதே ஆராய்ச்சி மற்றொன்றையும் கூறுகிறது: திறமை மிகுந்தவரே மிகுந்த இறுக்கமான காலணியை நாடினர். இதைக் கேட்டவுடன், "இறுக்கமே திறமைக்குக் காரணம்" என்று ஒரு மாணவன் எழுந்து சொல்லக்கூடும். சற்றுப் பொறுக்க. சேவல் கூவும்போது பொழுது விடிகிறது. சேவல் கூவியதால் விடிந்தது என்று சொல்லலாமா? பல்லாண்டுப் பயிற்சியால் திறமை பெற்றவர், மிகச் சிறிய பிதுக்கங்களில் நிற்கவேண்டிய பாறைகளை நாடுகிறார். அதற்காக இறுக்கமான காலணியைத் தேர்கிறார். அவர் காலணியைப் பார்த்து, பயிற்சியின் முதற்படியில் நிற்கும் சிறுவன் தானும் அதனையே வாங்குகிறான். பெரியவருடைய மூக்குக்கண்ணாடியை அணிந்துகொண்டால் அவருடைய படிப்பு வந்துவிடும் என்று எண்ணுவது போன்றது இது.

இறுக்கம் இல்லாமலே திறமை இருக்கக்கூடும் என்பதற்கு ஒரு சான்று உண்டு. ஜெர்மனியில் டிரெஸ்டன் நகருக்கு அருகே எல்பா ஆற்றங்கரையில் மணற்பாறைக் கோபுரங்கள் நூற்றுக்கணக்காக நிற்கின்றன. அங்கே வெறுங்காலோடு ஏறும் மரபு ஒன்று உண்டு. அவ்வட்டாரத்துப் பேர்பெற்ற வீரரான பெர்ண்டு ஆர்னால்டு, மிகவும் கடினமான பாறைகளை வெறுங்காலாலேயே ஏறிப் புகழ்பெற்றார். எல்லாரும் வெறுங்காலோடு ஏறுக என்று நான் சொல்லவில்லை. கூரிய கருங்கல் வேறு, மணற்பாறை வேறு. கால் ஊன்றும் நுட்பமே முதன்மை, காலணி அதற்குத் துணை என்பதற்காகவே இதனைச் சொன்னேன்.

இனி, அளவு கடந்த இறுக்கம் பாதத்தில் செய்வது என்ன என்று பார்ப்போம். நம் ஒவ்வொரு பாதத்திலும் 26 எலும்புகள் உள்ளன. குதியும் அதனை அடுத்த பகுதியுமாக 7, நடுப்பாதத்தில் நீண்டவை 5, விரல்களில் 14. பெருவிரலுக்கு இரண்டு, மற்ற விரல்களுக்கு மும்மூன்று என்று கூட்டிப் பாருங்கள், 14 வரும். இவற்றைத் தசைநார்கள் பிணைத்து, மேடு பள்ளத்துக்கு ஏற்ப வளைந்துகொடுக்கும் ஒரு வில்லாக வைத்திருக்கின்றன. இந்த வில்லை இறுக்கமான உறைக்குள் திணிக்கும்போது, தீங்கு வெளியிலிருந்து உள்நோக்கிப் படிப்படியாகச் செல்கிறது.

முதற்படி தோல். விரற்கணுக்களின்மேல் ரப்பர் உராய்ந்து கொப்புளம் எழும்; பின் காய்ப்புக் காய்க்கும்; சிலருக்குக் கால் ஆணி தோன்றும். இக்காலணியைப் பெரும்பாலோர் காலுறையின்றி அணிவதால் வியர்வை உள்ளேயே தங்குகிறது. ஈரமும் வெம்மையும் சேர்ந்த இடம் காளான் வகைக் கிருமிகளுக்கு விளைநிலம். விரலிடுக்கில் சேற்றுப்புண்ணும், நாளடைவில் நகச்சொத்தையும் வருவது இதனாலேயே. ஒருவர் காலணியை மற்றொருவர் அணிந்தால் நோயும் கைமாறும்.

இரண்டாம்படி நகம். முனையில் முட்டிய பெருவிரல் நகத்தின்கீழ் நுண்ணிய இரத்தக் குழாய்கள் உடைந்து இரத்தம் கட்டுகிறது. என் பேரன் காலில் நான் கண்ட நாவற்பழ நிறம் அதுவே. கால் நகம் மாதத்துக்கு ஏறத்தாழ ஒன்றரை மில்லிமீட்டரே வளரும். ஒருமுறை கெட்ட பெருவிரல் நகம் முழுதும் புதிதாக வளர 12 முதல் 18 மாதம் ஆகும். நகத்தின் ஓரம் சதைக்குள் புதைந்து வளர்ந்து சீழ் வைப்பதும் உண்டு.

மூன்றாம்படி நரம்பு. விரல்களின் நடுவே செல்லும் நரம்புகள் நசுங்கும்போது முதலில் எரிச்சலும், பிறகு மரத்துப்போதலும் உண்டாகும். "எனக்கு இப்போது வலியே இல்லை, பழகிவிட்டது" என்று சிலர் பெருமையோடு சொல்வர். வலி போய்விட்டதா, உணர்ச்சியே போய்விட்டதா என்று அவர்கள் தம்மைக் கேட்டுக்கொள்ள வேண்டும். பாறையிலே கால் எதன்மேல் நிற்கிறது என்று அறிவிப்பது அந்த உணர்ச்சியே. அது மரத்துவிட்டால், எதற்காக இறுக்கமான காலணி அணிந்தோமோ அந்த நோக்கமே கெடுகிறது.

நான்காம்படி மூட்டு. இதுவே மெல்ல வருவது; வந்தால் எளிதில் மீளாதது. காலணியின் முனை பெருவிரலை மற்ற விரல்களின் பக்கமாகத் தள்ளுகிறது. ஆண்டுக்கணக்கில் இவ்வாறு தள்ளப்பட்டால் பெருவிரல் சாய்ந்து, அதன் அடிமூட்டு வெளிப்புறமாகப் புடைத்துவிடும். சாய்வு 15 பாகைக்கு மேற்பட்டால் மருத்துவர் அதனைப் பெருவிரல் கோணல் நோய் என்பர். குடும்பவழியாகவும் இது வருவதுண்டு. கூர்முனைக் காலணிகளாலும் வருவதுண்டு. ஆகவே பழியனைத்தையும் பாறையேறும் காலணியின்மேல் போடுவது நியாயமன்று. ஆயினும், ஏற்கெனவே அவ்வியல்பு உள்ள பாதத்தை இறுக்கத்தில் திணிப்பது எரியும் நெருப்பில் எண்ணெய் ஊற்றுவதாகும். நாம் நடக்கும்போது ஒவ்வோர் அடிக்கும் பெருவிரல் அடிமூட்டு மேல்நோக்கி மடங்கி உடம்பை முன்னே தள்ளுகிறது. அந்த மூட்டின் குருத்தெலும்பு தேய்ந்து மூட்டு இறுகிவிட்டால், பாறை ஏறுவது இருக்கட்டும், கடைத்தெருவுக்கு நடந்து போவதே துன்பமாகிவிடும்.

சிறுவர் நிலை இன்னும் கவலைக்குரியது. குழந்தைகளின் எலும்பு முனைகளில் வளர்ச்சிக்குரிய குருத்துத் தகடுகள் உள்ளன. பாதத்தில் அவை பொதுவாகப் பெண்களுக்கு 14 வயதளவிலும், ஆண்களுக்கு 16 வயதளவிலும் முற்றி எலும்பாகின்றன. அதுவரை பாதம் நாற்றங்காலிலே நிற்கும் பயிர். வளரும் பயிரைக் கூண்டுக்குள் அடைத்தால் கூண்டின் வடிவத்துக்குத்தான் வளரும். பெரியவர் ஒருவர் தெரிந்தே ஏற்றுக்கொள்ளும் துன்பத்தைச் சிறுவன்மேல் சுமத்த எவருக்கும் உரிமையில்லை. தெரியாமல் அதனைப் பாராட்டிய தாத்தாவுக்கும் இல்லை.

இதற்குப் பரிகாரம் என்ன? விளையாட்டை விடுவதன்று. பாறையேறுதல் உடம்புக்கு வலிமையும், மனத்துக்கு ஒருமைப்பாடும், தோழரிடத்து நம்பிக்கையும் தரும் சிறந்த விளையாட்டு. செய்யவேண்டியவை சிலவே.

காலணியை மாலை நேரத்தில் வாங்குக. நாள் முழுதும் நடந்த பாதம் அப்போது சற்றுப் பருத்திருக்கும். இரு பாதங்களும் ஒரே அளவாக இருப்பது அரிது. பெரிய பாதத்துக்கு ஏற்பவே தேர்ந்தெடுக்க வேண்டும். எண்ணைப் பார்த்து வாங்காமல் அணிந்து பார்த்து வாங்குக. ஒரு நிறுவனத்தின் எண் மற்றொன்றின் எண்ணோடு ஒத்திராது. உள்ளே வெற்றிடம் இருக்கக்கூடாது. விரல்கள் முனையைத் தொட்டுச் சற்றே மடங்கலாம். ஆனால் ஒன்றன்மேல் ஒன்று ஏறக்கூடாது. அணிந்து நிற்கும்போது கூர்மையான வலி தோன்றினால் அது பொருந்தாத காலணி. 'நாளடைவில் இளகிவிடும்' என்ற வாக்கை முழுதும் நம்ப வேண்டா. தோல் சிறிது இளகும், செயற்கைப் பொருள் அவ்வளவாக இளகாது. புதிதாகப் பழகுவோர்க்கும், நெடும்பாறை ஏறி நெடுநேரம் நிற்போர்க்கும், வளரும் சிறுவர்க்கும் முனை வளையாத தட்டையான காலணியே ஏற்றது. சிறுவர்க்கு மாதம் ஒருமுறை தாளில் பாதத்தை வரைந்து, காலணியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பென்சிலும் தாளுமே செலவு.

எல்லாவற்றிலும் முதன்மையானது, ஏறி இறங்கியவுடன் காலணியைக் கழற்றிவிடுவது. அதனை அணிந்துகொண்டு நடப்பதும், தோழர் ஏறுவதைப் பார்த்துக்கொண்டு அரைமணி நேரம் நிற்பதும் வீண் துன்பம். தச்சன் உளியை வேலை முடிந்ததும் கீழே வைக்கிறான். கையில் பிடித்தபடியே உண்ணுவதில்லை. வீட்டுக்கு வந்ததும் பாதத்தைக் கழுவி, விரலிடுக்குகளை ஈரம் போகத் துடைத்து, காலணியைக் காற்றாட வைக்க வேண்டும். நகத்தை நேராக வெட்டவேண்டும். ஓரங்களில் வளைத்து வெட்டினால் சதைக்குள் புதையும். விரல்களை விரித்து மடக்குதல், தரையில் கிடக்கும் துண்டை விரல்களால் பற்றி எடுத்தல், மணலில் வெறுங்காலோடு நடத்தல் ஆகியவை மடங்கிக் கிடந்த பாதத்துக்கு நல்ல பயிற்சிகள். மரத்துப்போதல் மறுநாளும் நீடித்தாலோ, பெருவிரல் மூட்டு வீங்கினாலோ, அடிபடாமலே நகத்தில் கருங்கோடு தோன்றினாலோ காலம் தாழ்த்தாது மருத்துவரிடம் காட்டுக.

என் பேரன் கதையை முடிக்கவில்லையே! அந்தத் தாளைக் காட்டியபோது அவன் முதலில் சிரித்தான், பிறகு தயங்கினான். "பெரிய ஷூ போட்டால் அண்ணன்மார் கேலி செய்வார்கள், தாத்தா" என்றான். வலியைவிட அவனை அச்சுறுத்தியது அந்தக் கேலியே என்பதை அப்போதுதான் உணர்ந்தேன். முதல் நாள் நானும் அந்த அண்ணன்மாரோடு சேர்ந்துகொண்டேன் அல்லவா? "நேற்று நான் உன்னைத் தட்டிக்கொடுத்தது தவறு. பொறுத்தார் பூமி ஆள்வார் என்பது, தவிர்க்க முடியாத துன்பத்துக்குச் சொன்னது. கடையில் அளவு மாற்றித் தவிர்க்கக்கூடிய துன்பத்துக்குச் சொன்னதன்று" என்று அவனிடம் ஒப்புக்கொண்டேன். அறுபது வயதுக்கு மேல், பேரனிடம் பிழையை ஒப்புக்கொள்வது எளிதாக இல்லை. ஆனால் அதன்பின் அவன் என் பேச்சைக் கேட்டான்.

பெங்களூர் திரும்பியதும் தட்டையான, பாதத்துக்குப் பொருந்திய காலணி வாங்கிக்கொண்டான். சிறிது நாள் கேலி இருந்ததாம். புதிய காலணியில் முதலில் சில பிதுக்கங்களில் கால் நழுவியது என்றும் உண்மையைச் சொன்னான். ஆகவே கால் வைக்கும் இடத்தைக் கூர்ந்து பார்த்து, மெல்ல ஊன்றிப் பழகினானாம். கறுத்த நகம் விழுந்து புதிய நகம் முழுதும் வளர ஓராண்டுக்கு மேலாயிற்று. இன்றும் ஏறுகிறான். ஒவ்வொரு விடுமுறைக்கும் வரும்போது தாளை விரித்துப் பாதத்தை வரைந்து, தேதி எழுதி வைக்கிறோம். அத்தாள்களை அடுக்கிப் பார்த்தால், அந்தப் பாதம் எவ்வளவு வளரவேண்டியிருந்தது என்பது தெரிகிறது.

மாணவ நண்பர்களே, நீங்கள் அனைவரும் பாறை ஏறப்போவதில்லை. ஓடுவோர் இருப்பீர்கள்; பந்தாடுவோர் இருப்பீர்கள்; நடனம் பயில்வோர் இருப்பீர்கள். எதைப் பயின்றாலும், வலியைத் தாங்குவதற்கு முன் அவ்வலி எங்கிருந்து வருகிறது என்று ஒருமுறை கேளுங்கள். முயற்சியால் வரும் வலி ஓய்ந்தால் ஆறும். பொருந்தாமையால் வரும் வலி ஆறாது, வளரும். இன்று மாலை வீட்டுக்குச் சென்றதும் ஒரு தாளை விரித்து, அதன்மேல் நின்று, உங்கள் பாதத்தை வரைந்து, நீங்கள் நாள்தோறும் அணியும் காலணியை அதன்மேல் வைத்துப் பாருங்கள்.